வயல்காட்டுக்கு ஓடிப்போன பாடகர்கள்

 

போன மாதம் உபவாசக் கூட்டத்தில் நான் பகிர்ந்துகொண்டதை, "எழுதிக் கொடுங்க அங்கிள், கூட்டத்துக்கு வர முடியாத விசுவாசிகளும் வாசிக்கட்டும்" என்று எங்கள் பாஸ்டர் கேட்டுக்கொண்டார். நான் பிரசங்கி அல்ல, கித்தார் பிடிக்கிறவன். ஆகையால் மூன்று தலைப்பு, தலைப்புக்கு மூன்று குறிப்பு என்று என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு வேதபகுதியைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அது எனக்கு எப்படிப் புரிந்தது என்பதையும் சொல்லப்போகிறேன். இரண்டாவது கொஞ்சம் வெட்கக்கேடான கதை.

நெகேமியா 13-ம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முந்தின அதிகாரத்திலிருந்து வர வேண்டும். எருசலேமின் அலங்கம் கட்டி முடிந்து பிரதிஷ்டை நடக்கிறது. பாடகர்கள் இரண்டு பெரிய கூட்டமாய்ப் பிரிந்து அலங்கத்தின் மேலேயே நடக்கிறார்கள். ஒரு கூட்டம் வலதுபுறமாகப் போகிறது, இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கமாகப் போகிறது. கடைசியில் இரண்டும் தேவாலயத்தில் வந்து சேர்ந்து நின்று பாடுகின்றன. அன்றைய சந்தோஷச் சத்தம் ஊருக்கு வெளியே வெகுதூரத்துக்குக் கேட்டதாம். அல்லேலூயா! எப்பேர்ப்பட்ட ஆராதனை!

பக்கத்தைத் திருப்புங்கள். பாடகரைக் காணோம்! லேவியரும் பாடகரும் அவரவர் நிலத்துக்கு ஓடிப்போய்விட்டார்கள் என்று 10-ம் வசனம் சொல்லுகிறது. கையில் கைத்தாளம் பிடித்தவன் மண்வெட்டி பிடித்துக்கொண்டு நிற்கிறான். என்ன நடந்தது?

இவர்கள் லேசான ஆட்கள் அல்ல, பிரியமானவர்களே. பாபிலோனிலிருந்து முதலாவது திரும்பி வந்தவர்களின் கணக்கு எஸ்றா 2-ம் அதிகாரத்தில் இருக்கிறது. மொத்தம் 42,360 பேர். அதில் லேவியர் 74 பேர்தான். ஆனால் ஆசாபின் வம்சத்துப் பாடகர் 128 பேர்! நெகேமியா 7-ல் இதே கணக்கு 148 என்று இருக்கிறது. ஏன் இந்த 20 வித்தியாசம் என்று படித்தவர்கள் சொல்லட்டும். நான் பார்க்கிறது வேறு. தேவாலயம் இடிக்கப்பட்டது கி.மு. 586. இவர்கள் திரும்பி வரும்போது ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. இந்த 128 பேரில் பெரும்பாலானோர் தேவாலயத்தைக் கண்ணால் கண்டிருக்கவே மாட்டார்கள். அப்படியானால் இவர்களுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தது யார்? 137-ம் சங்கீதத்தில் கின்னரத்தை ஆற்றங்கரை மரத்தில் மாட்டிவிட்டு அழுதார்களே, அதே அப்பாக்களும் தாத்தாக்களும்தான். வெளியே பாட மாட்டோம் என்று மாட்டிவைத்தார்கள். வீட்டுக்குள்ளே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்! சிறையிருப்பிலே அணையாத பாட்டு அது.

சிறையிருப்பு அணைக்காத பாட்டை, சொந்த ஊருக்கு வந்தபின் எது அணைத்தது? அதைத்தான் 13-ம் அதிகாரத்தில் பார்க்கிறோம்.

தொபியாவுக்குக் கொடுத்த அறை

நெகேமியா கொஞ்ச காலம் எருசலேமில் இல்லை. அர்தசஷ்டா ராஜாவின் 32-ம் வருஷத்தில், அதாவது கி.மு. 433 வாக்கில், ராஜாவிடம் போயிருந்தான். அந்த இடைவெளியில் எலியாசிப் என்கிற ஆசாரியன் ஒரு வேலை செய்தான். தேவாலயத்தில் ஒரு பெரிய அறை. தானியம், திராட்சரசம், எண்ணெய், தூபவர்க்கம் எல்லாம் அங்கேதான் இருக்கும். லேவியருக்கும் பாடகருக்கும் வாசல் காவலருக்கும் உரிய பங்கு அந்த அறையிலிருந்துதான் வரும். அதைக் காலிசெய்து தொபியாவுக்குக் கொடுத்துவிட்டான். யார் இந்தத் தொபியா? அலங்கம் கட்டும்போது, நரி ஏறினாலே இது இடிந்துபோகும் என்று கேலி பேசினானே, அவனேதான்.

அறை போனது, பங்கு போனது. பங்கு போனவுடனே பாடகன் வயலுக்குப் போனான். பிள்ளைகுட்டி இருக்கிறதே, சாப்பிட வேண்டாமா?

நெகேமியா திரும்பி வந்தபோது ஓடினவர்களைத் திட்டவில்லை, கவனித்தீர்களா? "என்ன பக்தி உங்களுக்கு, சம்பளத்துக்கா பாடினீர்கள்?" என்று கேட்கவில்லை. அவன் வழக்காடினது தலைவர்களோடு. அதற்கும் முன்னாலே அவன் செய்த காரியம் ஒன்று உண்டு. தொபியாவின் தட்டுமுட்டு சாமான்களை எல்லாம் வெளியே வீசினான். அறையைச் சுத்திகரித்தான். பிறகுதான் பாடகர்களைக் கூட்டிச் சேர்த்து அவனவன் இடத்தில் நிறுத்தினான். முதலில் அறை காலியாக வேண்டும், அதற்கப்புறம்தான் கூப்பிடுதல். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். வாசிக்கும்போதெல்லாம் நான்தான் வயலுக்கு ஓடின பாடகன் என்று நினைத்து என்மேல் நானே பரிதாபப்பட்டிருக்கிறேன். கர்த்தர் ஒருநாள் காட்டினார்: நீ பாடகன் அல்லடா, அந்த அறையில் குடியிருந்த தொபியா என்று.

1991-ல் எங்கள் சபை பாளையங்கோட்டைப் பக்கம் ஓலைக் கொட்டகையில் நடந்தது. ஐந்து பேர் வாத்தியம் வாசித்துப் பாட்டு நடத்தினோம். ஒரு அண்ணன் ஆர்மோனியம், தபால் ஆபீசில் வேலை. ஒரு தம்பி தபேலா. என் வயசுக்காரன் ஒருவன், பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன், சைடு கித்தார் வாசிப்பான். ஒரு அக்கா டாம்பரின் தட்டிக்கொண்டே பாடுவார்கள். நான் முன்னால் நின்று கித்தாரோடு நடத்துவேன். கல்கத்தாவில் செய்த கிவ்சன் கித்தார், செகண்ட் ஹேண்ட். ஒரு அகுஜா ஆம்ப்ளிபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர். கரண்டு போனால் கைத்தட்டல்தான். முழு இரவு ஜெபத்தில் விடியற்காலம் மூன்று மணிக்கு ஒரு பாட்டு ஆரம்பித்தால் நாலரை வரைக்கும் அது நிற்காது. ஆவியானவர் அசைவாடுவார். ஜனங்கள் கண்ணீரோடு முழங்காலில் நிற்பார்கள். எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே சாப்பாட்டுப் பொட்டலம் போதும்.

1997-ல் சபைக்குப் புது கீபோர்டு வாங்க ஆசைப்பட்டோம். உள்ளேயே தாளம் ஓடுமே, அந்த மாதிரி. காணிக்கைச் சீட்டுப் போட்டு வசூல் செய்தோம். கணக்கு என் சிநேகிதன் கையில். கீபோர்டு வந்தது. வந்த வாரமே, வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், எல்லார் முன்னாலும் தபேலாத் தம்பியிடம் நான் சொன்னேன்: "இனிமே உன் தபேலா வேண்டாம்டே. ஒரு பட்டனை அமுக்கினா தாளம் வருது, அதுவும் தப்பாம வருது." தம்பி ஒன்றும் பேசவில்லை. சின்னச் சுத்தியலை எடுத்துப் பைக்குள் போட்டான். தபேலாவைத் துணியில் சுற்றினான். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வரவில்லை.

அக்காவின் குரல் பழைய மாதிரி இருக்கிறது என்று அவர்களுக்குக் கொடுத்த பாட்டைக் குறைத்தேன். ஆர்மோனிய அண்ணன், "தம்பி, சுருதி ரொம்ப மேலே போகுது, வயசான அம்மாமார் பாட முடியாம வாயை மூடிக்கிட்டு நிக்காங்க, ஒரு கட்டை இறக்கிப் பிடி" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். என் குரலுக்கு அந்தக் கட்டைதான் எடுப்பு என்று நான் இறக்கவில்லை. அவர் தூத்துக்குடிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். வேலை மாற்றல் என்று சபைக்குச் சொன்னோம்.

இவை போகட்டும். கணக்கில் 1,800 ரூபாய் குறைந்தது. யாரும் என் சிநேகிதனைக் குற்றம் சொல்லவில்லை. நான்தான் மூப்பரிடம், "அவன் தங்கச்சி கல்யாணச் செலவுல இருக்கான் ஐயா" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்! அது போதாதா? பொய் ஒன்றும் சொல்லவில்லை, தங்கச்சிக்குக் கல்யாணம் நடந்தது உண்மை. சபையில் ஒரு பார்வை போதும், ஒருவனை வெளியே தள்ள. அவனும் அவன் வீட்டாரும் சபையை விட்டுப் போனார்கள். 1999-ல் கீபோர்டு வந்த அட்டைப்பெட்டியை எடுத்துப் போடும்போது, அடியில் ஒரு ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை கிடந்தது. பணம் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்தவர்கள் தராமல் விட்டது சரியாக 1,800 ரூபாய். அவன் கணக்கு சரி. தப்பே இல்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். செய்யவில்லை. சொன்னால் என் முகம் என்ன ஆகும்? அந்த வருஷமே சென்னை அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் லேத் வேலை கிடைத்தது என்று போய்விட்டேன். "கர்த்தர் கதவைத் திறந்தார்" என்று சாட்சிகூடச் சொல்லிவிட்டுப் போனேன்.

அங்கே பெரிய சபை ஒன்றில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருவேன். கித்தார் வாசிப்பேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் ஓவர்டைம் என்பேன். என்னுடைய வயல்காடு அதுதான்.

இரண்டு சகோதரர்

இந்த இடத்தில் நம்முடைய வரலாற்றிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். அசூசா தெரு எழுப்புதல் நமக்கெல்லாம் தெரியும். 1906 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தில், ஒரு காலத்தில் சபையாயிருந்து பிறகு குதிரைலாயமாய்ப் போன ஒரு பழைய கட்டடத்தில் அது பற்றியெரிந்தது. ஆரம்ப நாட்களில் அங்கே வாத்தியமும் இல்லை, பாட்டுப் புத்தகமும் இல்லை. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பலகையில் உட்கார்ந்து பாடினார்கள். அந்த தேசத்தில் அந்தக் காலத்தில் அது நடக்கவே நடக்காத காரியம். அதை நடத்தின வில்லியம் சீமோர், அடிமைகளாயிருந்தவர்களின் மகன். அவர் அந்த உபதேசத்தைக் கற்றது சார்லஸ் பர்ஹாம் என்கிற வெள்ளைக்காரரிடம், ஹூஸ்டனில். நிறவேற்றுமைச் சட்டத்தினால் வகுப்பறைக்குள் உட்கார விடவில்லை. வெளியே இருந்து காதைக் கொடுத்துக் கேட்டுப் படித்தார். அப்படிப் படித்தவர் அந்த ஆசிரியரை அன்போடு அழைத்தார். 1906 அக்டோபரில் பர்ஹாம் வந்தார். இரண்டு நிறத்தாரும் சேர்ந்து ஆராதிப்பதைப் பார்த்துக் கண்டித்துப் பேசினார். பிரிந்துபோய் வேறே கூட்டம் நடத்தினார். அந்தப் பிளவு ஆறவே இல்லை.

அக்கினி இறங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது! எழுப்புதல் வேண்டும், வேண்டும் என்று இரவெல்லாம் ஜெபிக்கிறோமே, வந்த எழுப்புதலை நாம் எங்கே வைத்து உடைக்கிறோம் பாருங்கள். பிசாசு வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். உள்ளே நாமே பார்த்துக்கொள்ளுகிறோம்.

இன்னொரு பக்கமும் வேதத்தில் இருக்கிறது. மாற்கு என்கிற வாலிபன் பாதி வழியில் விட்டுவிட்டுப் போனான் என்று பவுல் அவனை மறுபடி சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்றார். பர்னபாவோடு கடுமையாகச் சண்டை வந்து பிரிந்தார்கள், அப்போஸ்தலர் 15-ல். அதே பவுல் சாகப்போகிற காலத்தில், சிறையிலிருந்து, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமானவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். நடுவிலே என்ன நடந்தது, யார் யாரிடம் முதலில் போனார்கள் என்று வேதம் சொல்லவில்லை. யாராவது ஒருவர் போயிருக்க வேண்டும்.

2020 மார்ச் 25-ம் தேதி ஊரடங்கு வந்தது. சபைகள் மூடிக் கிடந்தன. அம்பத்தூர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்த கித்தாரை ஒருநாள் வெளியே இழுத்தேன். கம்பியெல்லாம் துரு. ஒரே ஒரு கம்பி அறுபடாமல் இருந்தது. அதை மீட்டினபோது என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். இருபது வருஷம் கூட வாழ்ந்தவள்!

2022-ல் வேலை முடிந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தேன். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கான்கிரீட் கட்டடம், சுவரில் பெரிய திரை. பையன்கள் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு வாசிக்கிறார்கள், கிளிக் கிளிக் என்று தாளம் அதிலே கேட்குமாம். நல்ல பிள்ளைகள். என் பழைய கதையைக் கேள்விப்பட்டு, "அங்கிள், நீங்க ஒரு ஞாயிறு லீட் பண்ணுங்க" என்றார்கள். பாஸ்டரும் சரி என்றார். நான் வீட்டில் உட்கார்ந்து பழகினேன். விரல் நுனியில் இருந்த காய்ப்பு எல்லாம் போய்விட்டது. நாலாம் நாள் கொப்புளம். ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. கர்த்தர் என்னை மறுபடி எடுத்துப் பயன்படுத்தப்போகிறார் என்று.

அந்த வாரம் ஜெபக்கூட்டம் முடிந்து செருப்புப் போடும் இடத்தில், எங்கள் பழைய பாஸ்டரின் அம்மா, எண்பது வயது தாண்டினவர்கள், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்: "ஏன்யா, நீ மட்டும் வந்திருக்கியே, மத்த புள்ளைங்க எங்க?"

குத்திக் கேட்கவில்லை. கண் சரியாகத் தெரியாது, மறந்தும் போகும். ஐந்து பேரையும் ஒன்றாகவே பார்த்தவர்கள். ஒருவன் வந்தால் மற்றவர்களும் வந்திருப்பார்கள் என்று தேடுகிறார்கள். எனக்கு ஆதியாகமம் 4-ம் அதிகாரம் காதில் கேட்டது. காணிக்கை கொண்டுவந்தவனிடம் கர்த்தர் அவன் சகோதரனைப் பற்றித்தானே விசாரித்தார்! மத்தேயு 5-லும் ஆண்டவர் அதையேதான் சொல்லுகிறார்: பலிபீடத்தண்டை காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல்.

பாஸ்டரிடம் போய், "இந்த ஞாயிறு வேண்டாம் தம்பி. நான் நாலு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கு" என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் என்னைவிட இருபது வயது இளையவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போயிட்டு வாங்க அங்கிள். கித்தார் இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

நாலு வீடு

முதலில் அம்பாசமுத்திரம். செங்கோட்டை ரயிலில் போனேன். தபேலாத் தம்பி அங்கே டீக்கடை வைத்திருக்கிறான். தலையெல்லாம் நரை. என்னைப் பார்த்ததும் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "வாங்கண்ணே. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சா வாரிய?" என்றான். கூட்டம் குறைந்தபிறகு, அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையை நானே அவனிடம் திரும்பச் சொல்லி, அதற்காக மன்னிப்புக் கேட்டேன். பொதுவாக "ஏதாவது மனக்கஷ்டம் இருந்தா மன்னிச்சிரு" என்று கேட்கக்கூடாது, அன்பானவர்களே. அது மன்னிப்பு அல்ல, நழுவல். அவன் சொன்னான்: "அண்ணே, தபேலா வேண்டாம்னு சொன்னது பெருசில்ல. தப்பாம வருதுன்னு சொன்னிய பாத்தியளா, அதுதான். நான் வாசிச்சா தப்பு வரும்னு எனக்குத் தெரியும். அந்தத் தப்போடதான் கர்த்தர் கேட்டுக்கிட்டு இருந்தாரு." எனக்குப் பதில் வரவில்லை.

நாகர்கோவிலில் அக்கா வீட்டில் பேச்சு இவ்வளவு நீளவில்லை. கதவைத் திறந்தவுடனே ஜெபம் பண்ணிவிட்டுத்தான் உட்காரச் சொன்னார்கள். "அன்னைக்கே மன்னிச்சாச்சு தம்பி. ஆனா ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே" என்றார்கள். மீன் குழம்பு ஊற்றினார்கள். பேத்திக்கு என் பழைய பாட்டுகளையெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்! அந்தச் சின்னப் பிள்ளை பாடினபோது நான் பாபிலோனில் பிறந்த அந்த 128 பேரை நினைத்தேன்.

தூத்துக்குடியில் ஆர்மோனிய அண்ணன் பக்கவாதத்தில் இருக்கிறார். வலது கை வராது, வாய் கொஞ்சம் இழுக்கும். ஆர்மோனியம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாசித்துப் பழகினவர்களுக்குத் தெரியும், இடது கை துருத்தியை இயக்கும், வலது கைதான் கட்டையில் ஓடும். அண்ணன் இடது கையால் துருத்தியைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கட்டையைப் பிடித்தேன். அவர் காற்றுப் போட, நான் வாசிக்க, ஒரு பாட்டு முழுவதும் பாடினோம். நடுவில் அவர் தலையை ஆட்டி ஏதோ சொன்னார். அண்ணிதான் புரியவைத்தார்கள்: "ஒரு கட்டை இறக்கச் சொல்லுதாங்க." இறக்கினேன், பிரியமானவர்களே. இருபத்தைந்து வருஷம் கழித்து இறக்கினேன். அதற்கப்புறம்தான் அண்ணிக்கும் கூடப் பாட முடிந்தது.

நாலாவது வீடு தென்காசிப் பக்கம். என் சிநேகிதன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். முதல் தடவை போனபோது அவன் மனைவி தண்ணீர் கொடுத்தார்கள். அவன் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். இரண்டாவது தடவை பட்டறையிலேயே பிடித்தேன். அந்த ரசீது அடிக்கட்டை இன்னும் என் பழைய வேதாகமத்துக்குள் இருந்தது. அதை அவன் முன்னால் வைத்தேன். எடுத்துப் பார்த்தான். "எப்ப கிடைச்சுது?" என்றான். "1999" என்றேன். அவன் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். "எங்க அப்பா 2004-ல செத்தாரு. மவன் களவாணின்னு நினைச்சுக்கிட்டே செத்தாரு. பாட்டுப் பாடத்தானல வந்திருக்க? போய்ப் பாடு" என்று சொல்லி முகத்துக்கு மூடியைப் போட்டுக்கொண்டு பற்றவைக்க ஆரம்பித்தான்.

அவன் பிள்ளைகள் எந்தச் சபைக்கும் போவதில்லை. இது என் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. இரத்தம் கழுவும் என்று விசுவாசிக்கிறேன், ஆமென். ஆனாலும் நான் செய்ததை அவன் வாழ்ந்திருக்கிறான்.

அப்போதுதான் நெகேமியாவின் வரிசை எனக்குப் புரிந்தது. நான் பாடகர்களைத் தேடித் தேடிப் போகிறேன். தொபியாவின் சாமான் இன்னும் அறைக்குள்ளேயே இருக்கிறதே! அவனைக் கெடுத்தது சபைக்கு முன்பாக, மன்னிப்புக் கேட்டது பட்டறை மூலையில். சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னது எல்லாரும் பார்க்கிற இடத்தில் அல்லவா?

அடுத்த ஞாயிறு ஆராதனை ஆரம்பிக்கும் முன் பாஸ்டர் எனக்கு மைக்கைக் கொடுத்தார். கித்தார் இல்லாமல் நின்றேன். 1997-ல் கணக்கில் தவறு இல்லை, அந்தச் சகோதரன் சுத்தமானவன், சந்தேகத்தை விதைத்தது நான், தெரிந்தபின்பும் மறைத்தது நான் என்று சொன்னேன். ரசீதை வாசித்தேன். பழைய விசுவாசிகள் பத்துப் பன்னிரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். அன்றைய மூப்பர் எழுந்து நின்று, "நானும் விசாரிக்காம விட்டேன்" என்று சொல்லி அழுதார். வாலிபப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கண்ணீர் விட்டார்கள். எஸ்றா 3-ல் அஸ்திபாரம் போட்ட அன்றைக்குக் கிழவர்கள் அழுத சத்தமும் மற்றவர்கள் ஆர்ப்பரித்த சத்தமும் எது எதுவென்று தெரியாமல் கலந்ததே, அது எப்படி இருக்கும் என்று அன்று கேட்டேன். அன்றைக்கு நான் பாடவில்லை. பையன்கள்தான் நடத்தினார்கள். நான் கடைசி வரிசையில் அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டினேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் கித்தாரைத் தொட்டேன். அன்றைக்கு அம்பாசமுத்திரத்துத் தம்பி டீக்கடையை மூடிவிட்டு வந்திருந்தான், கையில் துணி சுற்றின மூட்டை. சுத்தியலால் தட்டிச் சுருதி சேர்க்கவே கால் மணி நேரம் ஆனது. ஒரு பையன் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, "இன்னைக்கு அங்கிள் தாளத்துக்கே வாசிப்போம்" என்றான். தாளம் இரண்டு இடத்தில் தடுமாறியது. ஒருவரும் நிறுத்தவில்லை. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை எல்லாரும் தூத்துக்குடிக்குப் போய் அண்ணன் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஆராதிக்கிறோம். அக்கா நாகர்கோவிலிலிருந்து பேத்தியையும் கூட்டி வருகிறார்கள்.

இதை வாசிக்கிற சபைத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை, கோபிக்காதீர்கள். உங்கள் சபையில் வாசித்துக்கொண்டிருந்து இப்போது வராமல் இருக்கிறவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். பின்மாற்றம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். ஏன் ஓடினார்கள் என்று நெகேமியா விசாரித்தது போல விசாரியுங்கள். சிலருக்கு ஒரு வேளைச் சாப்பாடுகூடக் கேட்டுக் கொடுத்திருக்க மாட்டோம். மழையில் வாத்தியத்தைச் சுமந்துகொண்டு வந்தவனுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லியிருக்க மாட்டோம். வயலில் நிற்கிறவர்களே, உங்களுக்கும் சொல்லுகிறேன், கித்தார் கம்பி கடையில் கிடைக்கும், மாற்றிக்கொள்ளலாம்.

ரசீதை வாசித்த அன்றைக்கு ஒரு பிள்ளை அதைச் செல்போனில் எடுத்திருந்தது. என் சிநேகிதனுக்கு அனுப்பச் சொன்னேன். பத்து நாள் கழித்து அவன் மனைவி பேசினார்கள். "ரெண்டு தடவை போட்டுக் கேட்டாங்கண்ணே. மூத்தவனையும் கூப்பிட்டுக் கேக்கச் சொன்னாங்க. ஒண்ணும் பேசல" என்றார்கள். அதற்கப்புறம் இன்னொரு முறை போனேன். பட்டறைக்கு வெளியே ஸ்டூல் போட்டுக் கொடுத்தான். அரை மணி நேரம் இருந்தேன். இரும்பு விலையைப் பற்றிப் பேசினான்.

அவனுக்காகவும், அவன் பிள்ளைகளுக்காகவும், எனக்காகவும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற சனிக்கிழமை மறுபடியும் தென்காசிக்குப் போகிறேன்.